ஸ்ரீமதி ருக்மிணி தேவி அம்மையார்: ஆடலுக்கு ஆடை வகுத்தவர்

உணவும் உறையுளும் போலவே உடையும் மாந்தர்க்கு இன்றியமையாதது. ஆயினும் மாளிகை எடுத்தோரையும் ஓவியம் தீட்டினோரையும் பெயர் சொல்லிப் போற்றும் உலகம், உடையை எண்ணி வகுத்தோரை நெடுங்காலம் கைத்தொழிலாளரென்றே கருதி ஒதுக்கி வந்தது. மேனாடுகளில் இந்நிலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மெல்ல மாறத் தொடங்கிற்று. இருபதாம் நூற்றாண்டிலோ உடை வகுப்போர் ஓவியர்க்கும் சிற்பியர்க்கும் ஒப்ப மதிக்கப்பட்டனர். அங்ஙனம் பெயர் பெற்றோருள் இத்தாலி நாட்டு எல்சா ஸ்கியாபரெல்லி அம்மையார் ஒருவர். 1890-ஆம் ஆண்டில் உரோமாபுரியில் அரபு மொழிப் புலவர் ஒருவருக்கு மகளாய்ப் பிறந்த இவர், இலண்டன் மாநகரில் பிரம்மஞானத்தைப் பற்றி விரிவுரையாற்றிய ஒருவரை 1914-ஆம் ஆண்டில் மணந்து, பின்னர் அவராற் கைவிடப்பட்டு, ஒரு பெண்மகவுடன் பாரிஸ் நகரை அடைந்தார். ஆங்கு 1927-ஆம் ஆண்டில், கழுத்தில் முடிச்சிட்ட துணி கிடப்பது போன்ற தோற்றத்தைப் பின்னலிலேயே காட்டிய கம்பளிச் சட்டையொன்றால் பெரும்புகழ் எய்தினார். 1935-ஆம் ஆண்டில் கபூர்த்தலை அரசகுலத்துப் பெண்மணி ஒருவர் பாரிஸில் புடைவை உடுத்து உலவிய அழகைக் கண்டு, புடைவையின் மடிப்பையும் முந்தானையையும் தழுவிய மாலையுடைகள் சிலவற்றை ஆக்கி வெளியிட்டார். 1973-ஆம் ஆண்டில் உயிர் நீத்தார்.

இவ்வம்மையாரின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தபொழுது 1935 என்னும் அவ்வாண்டு என் கருத்தை வேறொரு பக்கம் இழுத்துச் சென்றது. பாரிஸில் இத்தாலியப் பெண்மணி ஒருவர் நம் புடைவையை மேனாட்டு உடையாக மாற்றிய அதே ஆண்டில், சென்னையை அடுத்த அடையாற்றில் மற்றோர் இத்தாலியப் பெண்மணி தையலூசியுடன் அமர்ந்து நம் புடைவையை நம் நாட்டியத்திற்கு ஏற்ற உடையாக மாற்றுதற்கு உதவிக் கொண்டிருந்தார். அவரை ஏவியவர் தமிழ்ப் பெண்மணியார். அவரே ஸ்ரீமதி ருக்மிணி தேவி. அவரை ஆடலரசியென்றும், கலாக்ஷேத்திரத்தின் தாயென்றும், விலங்குகளின் துணைவரென்றும் பலர் எழுதியுள்ளனர். அவர் உடையையும் துணியையும் வகுத்த திறம் அத்துணை விரிவாகப் பேசப்படுவதில்லை. ஆகவே அதனையே பெரிதும் கருதி அவர்தம் வாழ்வை ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

ருக்மிணி தேவி 1904-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 29-ஆம் நாள் மதுரையில் பிறந்தார். நான்காண்டுக்கு ஒருமுறையே வரும் பிறந்தநாள் அது. தந்தையார் நீலகண்ட சாஸ்திரியார் பொதுமராமத்துத் துறையில் பொறியாளர், வடமொழியிலும் வல்லவர். தாயார் சேஷம்மாள் இசையில் ஈடுபாடு மிக்கவர். சாஸ்திரியார் பிரம்மஞான சபையின் கொள்கைகளிற் பற்றுக்கொண்டு, அலுவலினின்று ஓய்வு பெற்றபின் அடையாற்றில் அச்சபையின் அருகே குடியேறினார். அங்கே பல நாட்டாரும் பல மொழியாரும் கூடி வாழ்ந்தனர். அன்னி பெசண்ட் அம்மையார் அச்சபைக்குத் தலைவராய் வீற்றிருந்தார். வைதிகக் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி அந்நாளிற் காணுதற்கரிய பல நடையுடைகளையும் ருக்மிணி இளமையிலேயே கண்டு வளர்ந்தார்.

1920-ஆம் ஆண்டில், தம் பதினாறாம் வயதில், அவர் ஜார்ஜ் அருண்டேல் என்னும் ஆங்கிலேயரை மணந்தார். அருண்டேல் காசி மத்திய இந்துக் கல்லூரியில் தலைவராயிருந்தவர். தன்னாட்சிக் கிளர்ச்சியில் 1917-ஆம் ஆண்டு பெசண்ட் அம்மையாருடன் உதகையிற் காவலில் வைக்கப்பட்டவர். மணமகளினும் இருபத்தைந்து ஆண்டுகட்கு மேல் மூத்தவர். பார்ப்பனக் குலப் பெண் வெள்ளையரை மணப்பதென்பது சென்னையில் பெருங்கொந்தளிப்பை எழுப்பியது. திருமணம் பம்பாயில் நடைபெற்றது. ஊரார் உரைத்தவற்றை அவ்விளம்பெண் எங்ஙனம் தாங்கினாரென்று எண்ணுங்கால் வியப்பே உண்டாகின்றது. பின்னாளில் அவர் மேடையேறி ஆடத் துணிந்தபொழுது எழுந்த ஆரவாரத்திற்கு இஃது ஒரு முன்பயிற்சி போலும்.

கணவருடன் அவர் உலகின் பல பகுதிகளுக்கும் சென்றார். 1928-ஆம் ஆண்டில் உருசிய நாட்டு ஆடலரசி அன்னா பாவ்லோவா பம்பாய்க்கு வந்தார். அவர் ஆடலைக் கண்டு மகிழ்ந்த அருண்டேல் தம்பதிகள், ஆஸ்திரேலியாவுக்குச் சென்றபொழுது அவர் ஏறிய கப்பலிலேயே பயணம் செய்ய நேர்ந்தது. கப்பலில் தொடங்கிய நட்பின் பயனாக, பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டி என்பாரிடம் ருக்மிணி தேவி மேனாட்டு நடனம் பயின்றார். பாவ்லோவாவோ, தம் நாட்டுக் கலையிலேயே உயிரூற்றைத் தேடுமாறு அவருக்கு அறிவுரை கூறினார். அவ்வறிவுரையைப் பலரும் எடுத்துரைப்பர். ஆனால் அந்நட்பினால் வேறொரு நன்மையும் விளைந்ததென்று எனக்குத் தோன்றுகின்றது. மேனாட்டு நடன மேடையில் உடையும் ஒளியும் திரையும் ஆடலோடு ஒன்றி இயங்கும் முறையை அவர் அருகிருந்து கண்டார். ஆடுவார்க்கு உடை ஒப்பனை மட்டுமன்று, உடலின் அசைவைக் காண்போர்க்குக் காட்டும் கருவி என்பதை நம் நாட்டு மேடைக்கு அவர் கொண்டுவந்தது அப்பழக்கத்தாலேயே ஆகும்.

அக்காலத்தில் நம் நாட்டுக் கலையின் நிலை எத்தகையது? கோயில்களிலும் அரண்மனைகளிலும் செல்வர் இல்லங்களிலும் தேவரடியார் மரபில் வந்த பெண்டிர் ஆடிய சதிர், வைவார்க்கும் வாழ்த்துவார்க்கும் இடையே சிக்கித் தவித்தது. 1892-ஆம் ஆண்டளவில் சென்னையில் எழுந்த சதிர் எதிர்ப்புக் கிளர்ச்சியில் சீர்திருத்த இந்துக்களுடன் கிறிஸ்தவ ஊழியரும் கைகோத்தனர். திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார், கோயிலுக்குப் பொட்டுக்கட்ட இருந்த சிறுமியரை 1901-ஆம் ஆண்டு முதல் தம் காப்பில் ஏற்று வளர்த்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டமன்றத்தில் முயன்றார். மறுபுறம் ஈ. கிருஷ்ணையர் என்னும் வழக்கறிஞர், வழக்கத்தின் குற்றத்தைக் கலையின்மேல் ஏற்றுதல் தகாதென்று வாதாடினார். 1932-ஆம் ஆண்டின் இறுதியில் இவ்விருவர்க்கும் இடையே நாளிதழ்களில் நிகழ்ந்த சொற்போர் நாடறிந்தது. சங்கீத வித்வத் சபையார் சதிரைத் தம் மேடையில் ஏற்றினர். பரதநாட்டியம் என்னும் பெயரும் அந்நாளில் வழக்கில் ஊன்றியது. அச்சபையின் ஆதரவில் 1933-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஆடலைக் கண்ட ருக்மிணி தேவி, அன்றே தம் வாழ்வின் வழியைக் கண்டார் எனலாம்.

மயிலாப்பூர் கௌரி அம்மாள் அவருக்கு முதலிற் பயிற்றினார். அடுத்துப் பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் ஆசானாயினார். முப்பது வயதை எய்திய, மணமான, உயர்குலத்துப் பெண்ணொருவர் இக்கலையைத் தொடங்குதலை அக்கால வழக்கம் ஒப்பவில்லை. ஆசிரியர்க்கும் மாணவி இத்துணை விரைவில் அரங்கேறுதலில் மனம் இல்லை. எனினும் 1935-ஆம் ஆண்டில் பிரம்மஞான சபையின் அறுபதாம் ஆண்டு விழாவில், அடையாற்றில், ருக்மிணி தேவி ஆடினார். ஆடலைப் பார்க்க வந்தோருள் இகழும் எண்ணத்துடன் வந்தோரும் உளர். அவருட் பலர் கருத்து மாறி வீடு திரும்பினர் என்பர்.

அன்று அவர் உடுத்திருந்த உடையைப் பற்றி இனிக் கூறுவேன். அதுகாறும் ஆடுமகளிர் காற்சட்டை போன்றதொன்றை அணிந்து அதன்மேற் கனத்த புடைவையைச் சுற்றி, இடையிலும் மார்பிலும் துணியைத் திரட்டிச் செருகுதல் வழக்கம். புடைவை விலையுயர்ந்ததாயும் அணிகள் மிக்கனவாயும் இருப்பினும், ஆடுவாரின் உருவக்கோடு துணியின் திரட்சியில் மறைந்துவிடும். பரதநாட்டியத்தின் அடிப்படை நிலையோ அரைமண்டி. இரு முழங்கால்களும் பக்கவாட்டில் மடங்கி விரிய, உடல் நேராக நிமிர்ந்து, கைகள் இருபுறமும் நீண்டு, ஆடுவார் பல முக்கோணங்களால் இயன்ற ஓர் உருவமாய்த் தோன்றுவர். இந்த வடிவைத் துணி மறைக்குமாயின் ஆடலின் இலக்கணமே மறைந்ததாம். மற்றொரு புறம், தையலுடை உடலை இறுக்கிப் பிடிக்குமாயின் நல்லோர் கூடிய அவையில் ஏச்சுக்கு இடமாகும். இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு வழி வேண்டியிருந்தது.

ருக்மிணி தேவி கோயிற் சிற்பங்களை நோக்கினார். கல்லில் ஆடும் மகளிர்க்கு ஆடை மெல்லிய வரிகளாகவும், இடையினின்று தொங்கும் மடிப்புகளாகவும் அமைந்திருத்தலைக் கண்டார். எம் ஊராகிய கருணாபுரத்தை அடுத்த கள்ளக்குறிச்சியிலும் சின்னசேலத்திலும் மரச்சிற்பம் செதுக்குவோர் உளர். அவர்தம் தொழில் 2021-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. தேவியர் உருவங்களில் ஆடை மடிப்பை அவர்கள் உளிநுனியாற் கீறுவதை நின்று பார்த்தவர்க்கு, ருக்மிணி தேவி சிற்பத்திற் கண்டது யாதென்பது எளிதில் விளங்கும். மடிப்பின் வரி உடலின் போக்கைத் தொடர்ந்து செல்லுமேயன்றி அதனைக் குறுக்கே வெட்டுவதில்லை. ஆனால் கல்லும் மரமும் அசைவதில்லை, ஆடுபவளோ அசைகின்றாள். கண்ட வடிவைத் துணியிற் கொணர்தற்கு வெட்டவும் தைக்கவும் வல்ல கை வேண்டும்.

அக்கையை உதவியவரே அடையாற்றில் வாழ்ந்த காசான் அம்மையார் என்னும் இத்தாலிய நாட்டுத் தையற் கலைஞர். மேனாட்டுத் தையலின் நுட்பம் அறிந்த அவரும், நம் பட்டின் இயல்பறிந்த ருக்மிணி தேவியும் கூடி, புடைவையை வெட்டித் தைத்து, கால்களைத் தனித்தனியே தழுவும் கீழுடையும், முன்னே மடிப்பு வைத்த விசிறியும், மேலாக்கும், இரவிக்கையுமாகப் பகுத்தனர். அரைமண்டியில் முழங்கால்கள் விரியுந்தோறும் விசிறி மடிப்புகள் பிரிந்து விரிகின்றன. நிமிருந்தோறும் ஒன்றன்மேலொன்றாய்ப் படிந்து நிற்கின்றன. புடைவையின் கரை வீணாகாது மடிப்பின் ஓரங்களில் ஓடி, அசைவின் எல்லையைக் கோடிட்டுக் காட்டுகின்றது. இடையிற் செருகிய துணி ஆடும்பொழுது அவிழுமோ என்னும் அச்சமும் ஒழிந்தது. இன்று மேடைகளிற் காணும் நாட்டிய உடைகளில் வேறுபாடுகள் பல புகுந்துள்ளன. எனினும் அவற்றின் எலும்புக்கூடு இதுவே.

இத்தாலியர் தமிழ்நாட்டு உடையிற் கருத்துச் செலுத்தியது இது முதன்முறையன்று என்பதைத் தமிழ் பயில்வோர் நினைவுகூரலாம். 1606-ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்த தத்துவபோதக சுவாமியும், அவர்க்கு ஒரு நூற்றாண்டு கழித்து வந்த வீரமாமுனிவரும் இத்தாலியரே. அவர்கள் தம் உடையைக் களைந்து நம் உடையை ஏற்றனர். காசான் அம்மையாரோ ஊசியையும் நூலையும் கொண்டு தம் நாட்டுத் திறமையை நம் புடைவைக்குள்ளேயே வைத்துத் தைத்துவிட்டார். முன்னவர்க்கு மணிமண்டபமும் சிலையும் உண்டு. காசான் அம்மையாரின் பெயரை நாட்டிய மாணவியருள் எத்தனை பேர் கேட்டிருப்பர்?

உடையோடு மேடையும் மாறியது. ஆடுபவர் பின்னே நின்று அவரோடு முன்னும் பின்னும் நடந்து வந்த நட்டுவனாரையும் பக்கவாத்தியக்காரரையும் மேடையின் ஒரு பக்கத்தில் அமரச் செய்தார். கண்ணைப் பறிக்கும் திரைகளை நீக்கினார். கோயில் அணிகளைப் போன்ற அணிகளை வகுப்பித்தார். விளக்கொளியைத் திருத்தியமைக்க அடையாற்றில் வாழ்ந்த மேனாட்டு நண்பர்கள் உதவினர்.

1936-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ருக்மிணி தேவியும் அருண்டேல் அவர்களும் கலைக்கழகம் ஒன்றை அடையாற்றில் நிறுவினர். முதலில் அனைத்துலகக் கலைக்கழகம் என்னும் பொருள்பட ஆங்கிலப் பெயர் பூண்ட அதுவே, பின்னர்க் கலாக்ஷேத்திரம் எனப் பெயர் மாறியது. ஒரு மரத்தடியில் ஒரு மாணவியைக் கொண்டு தொடங்கியதாகக் கூறுவர். அம்மாணவி அவர் தமையன் மகளாகிய ராதா. பிற்காலத்தில் பிரம்மஞான சபைக்கே தலைவரானவர். டைகர் வரதாச்சாரியார், பாபநாசம் சிவன், மைசூர் வாசுதேவாச்சாரியார் முதலிய இசைப் பெரியோர்கள் அங்கே ஆசிரியராய் வந்து அமர்ந்தனர். இவ்வரலாறு பலரும் அறிந்ததாகலின் விரித்திலேன்.

பலரும் அறியாதது அங்கே எழுந்த தறியின் ஓசை. 1937-ஆம் ஆண்டில் ருக்மிணி தேவி ஒரு சிறு நெசவுக்கூடத்தைத் தொடங்கினார். ஆட்டப்பள்ளிக்குத் தறி எதற்கு என்று கேட்போர்க்கு விடை எளிது. தமக்கு வேண்டிய புடைவை கடையிற் கிடைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேனாட்டு வேதியியலார் கண்ட செயற்கைச் சாயங்கள் நம் நாட்டிற் புகுந்து அவுரியையும் சாயவேரையும் துரத்தின. 1856-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பெர்க்கின் என்னும் இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயத்தை எடுத்தது இதற்குத் தொடக்கம். பதினெட்டு வயதினராகிய அவர், விடுமுறைக் காலத்தில், கொயினா மருந்தைச் செய்ய முயன்று சாயத்தைக் கண்டார் என்பதைப் படிக்கையில் நம்மனோர்க்குச் சிறிது நாணமும் உண்டாகும். சாயம் மலிந்தது. மலிந்த சாயத்தோடு ஆலைத் துணியும் வந்தது. நாகரிகம் எனக் கருதி நகரத்துப் பெண்டிர் மெல்லிய வெளிநாட்டுத் துணியையும் வெளிறிய நிறங்களையும் விரும்பலாயினர். பழைய காஞ்சிப் புடைவையின் அகன்ற கரையும் ஆழ்ந்த நிறமும் பாட்டிமார்க்கே உரியனவென ஒதுக்கப்பட்டன.

ருக்மிணி தேவி அப்பாட்டிமாரின் பெட்டிகளையே நாடினார். பழைய புடைவைகளைத் தேடிப் பார்த்து, அவற்றின் கரை, கட்டம், உருவம், நிறச்சேர்க்கை ஆகியவற்றைத் தம் தறிகளில் மீண்டும் நெய்வித்தார். மயில்கண், குயில்கண், உருத்திராக்கம், தாழம்பூ, மல்லிமொக்கு, யாளி, அன்னம், இருதலைப்பட்சி முதலிய பெயர்களைக் கேட்கும்பொழுதே அவை ஒரு காலத்தில் எத்துணை உயிருடன் விளங்கின என்பது தெரியும். அரக்கு, மாந்துளிர், மயிற்கழுத்து, கிளிப்பச்சை, மஞ்சள் என நிறங்களும் தாம் பிறந்த பொருளின் பெயரையே தாங்கி நின்றன. உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு அதனோடு மாறுபட்ட நிறமும் வைத்தல் பழைய முறை. அம்முறையில் அவருக்கிருந்த துணிவு பெரிது. சேராதென்று நாம் எண்ணும் இரு நிறங்களை அருகருகே வைத்து, இவை என்றும் சேர்ந்தே இருந்தன போலும் என்று காண்போர் மயங்கச் செய்வார்.

இவ்வாறு உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக நெய்தல் எளிய செயலன்று. காஞ்சி நெசவாளர் இதனைக் கோர்வை என்பர். ஒரே நாடா ஒரு விளிம்பினின்று மறு விளிம்புவரை ஓடுவதற்கு மாறாக, இடக்கரைக்கு ஒன்றும் உடலுக்கு ஒன்றும் வலக்கரைக்கு ஒன்றுமாக மூன்று நாடாக்கள் இயங்கும். ஒவ்வொரு வரிசையிலும் கரையின் ஊடை இழையும் உடலின் ஊடை இழையும் ஒன்றையொன்று தழுவிக் கோக்கப்படும். தறியில் அமர்ந்தவர்க்குத் துணையாக மற்றொருவர் ஓரத்தில் இருந்து நாடாவை வாங்கித் தருதல் வேண்டும். உடலினின்று முந்தானைக்கு நிறம் மாறுமிடத்தில், பழைய பாவின் இழைகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்தல் வேண்டும். இதற்குப் பிட்னி என்று பெயர். உருவங்கள் எழுதற்கு நூலாற் கட்டும் அடை என்னும் அமைப்பு முன்னாளில் வழங்கியது. பின்னர் அவ்விடத்தை ஜக்கார்டு பொறி பற்றிக் கொண்டது. இத்துணை உழைப்பும் சேர்ந்தே ஒரு புடைவை பிறக்கின்றது. நாடாவோட்டத்தில் விரைவை நாடுவார்க்கு இது வீண் வேலையாகத் தோன்றும். கரையின்றி நெய்தால் ஒருவர் ஒரு நாடாவைக் கொண்டு முடித்துவிடலாமன்றோ? அவ்வாறு முடித்துக்கொண்ட இடங்களிலெல்லாம் கோர்வை அறிந்த கைகள் குறைந்தன. அறிந்த கை ஒன்று மடிந்தபின் பழம்புடைவையைப் பார்த்து அதனை மீட்டல் அரிது. இதனை அவர் காலத்திலேயே உணர்ந்தார் என்பதே இவ்வம்மையாரிடத்து நான் பெரிதும் வியக்கும் செய்தி.

அவருடைய தறிகளிற் பிறந்த புடைவைகள் கலாக்ஷேத்திரப் புடைவை என்றே பெயர் பெற்றன. மேடைக்கு வேண்டுமென்று தொடங்கிய நெசவு வீதியையும் எட்டிற்று. பருத்தியிலும் அத்தகைய கரைகளை நெய்வித்தமையால், பட்டு வாங்கவியலாதாரும் அவ்வழகை உடுக்க முடிந்தது. பாரிஸ் நகரத்து உடைக்கலைஞர் ஆண்டுக்கு இருமுறை புதுமை காட்டி முன்னைய உடையைப் பழையதென்று தள்ளுவித்து வாழ்ந்தனர். ருக்மிணி தேவி பழையதையே புதுமையெனக் காட்டி, அதனைக் களையாதிருக்குமாறு பெண்டிர்க்குக் கற்பித்தார். இருவேறு தொழில்கள் போலத் தோன்றினும் மக்களின் கண்ணைப் பழக்குதல் என்னும் செயல் இரண்டிற்கும் பொதுவே.

1939-ஆம் ஆண்டில் மற்றுமோர் இத்தாலியப் பெண்மணி அடையாற்றிற்கு வந்தார். குழந்தைக் கல்வியில் உலகப் புகழ் எய்திய மரியா மாண்டிசோரி அம்மையாரே அவர். அருண்டேல் தம்பதிகளின் அழைப்பை ஏற்று, நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்த ஏறக்குறைய முந்நூறு ஆசிரியர்க்குத் தம் முறையைக் கற்பித்தார். 1940-ஆம் ஆண்டு ஜூனில் இத்தாலி போரிற் புகுந்ததும், அவர் மகன் மாரியோ பகைநாட்டாரென்று சிறைப்பட்டார். அன்னையின் எழுபதாம் பிறந்தநாளையொட்டி அரசாங்கம் மகனை விடுவித்தது. போர் முடியும்வரை அவர்கள் இந்நாட்டிலேயே, அடையாற்றிலும் கொடைக்கானலிலுமாகத் தங்கினர்.

தமிழ் மாணவர்க்கு உரிய செய்தி ஒன்றையும் சொல்லாது செல்லுதல் கூடாது. மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் 1942-ஆம் ஆண்டில் மறைந்தபின், அவர் ஊரூராய் அலைந்து திரட்டிய ஏட்டுச்சுவடிகளைக் காக்க 1943-ஆம் ஆண்டில் ருக்மிணி தேவியின் முயற்சியால் அவர் பெயரால் நூல்நிலையம் அமைந்தது. பழம்புடைவையைப் பெட்டியினின்று எடுத்தவர் பழஞ்சுவடியையும் காத்தார். அடுத்த ஆண்டு குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக அமைத்து அரங்கேற்றினார். இராமாயணத்தை ஆறு பகுதிகளாக 1955 முதல் 1970 வரை நாடகங்களாக்கினார். அவற்றின் உடைகளையும் நிறங்களையும் அவரே வகுத்தார். அரசர்க்கும் குறத்திக்கும் முனிவர்க்கும் உடையாலேயே வேறுபாடு காட்டினாரேயன்றி, மேடையில் மாளிகையையும் காட்டையும் கட்டிவைக்கவில்லை.

இவர் செயலை ஒப்பாதாரும் இருந்தனர். அவர் கூற்றை எளிதில் தள்ளிவிடல் இயலாது. வீணை தனம்மாளின் பேர்த்தியும் ஒப்புயர்வற்ற ஆடற்செல்வியுமாகிய பாலசரஸ்வதி அம்மையார், சிருங்காரமே இவ்வாடலின் உயிரென்றும், அதனைத் தூய்மை செய்தல் என்னும் பேச்சே பொருந்தாதென்றும் கருதினார். ருக்மிணி தேவி சில பாடல்களை விலக்கினார். காதலைப் பக்தியின் பக்கமாகத் திருப்பினார். உடையும் அக்கருத்தோடு ஒட்டியே அமைந்தது. தைத்த உடையும் கோயில் அணியும் ஆடுபவளைச் சிற்பத்தின் மகளாக்கின. நேற்றுவரை அவ்வாடலை ஆடிய மரபின் மகளாக அன்று. இந்த உடையால் நற்குடிப் பெண்கள் எனத் தம்மைக் கருதியோர் அச்சமின்றி மேடையேறினர். ஆயின் அக்கலையை இகழ்ச்சிக்கிடையே தலைமுறை தலைமுறையாய்க் காத்தவர்க்கு அம்மேடையில் இடம் சுருங்கிற்று. பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் 1947-ஆம் ஆண்டில் நிறைவேறியது. சிறுமியர் பலரைக் காத்த அச்சட்டத்தின் காலத்திலேயே, கோயிலையும் கலையையும் நம்பி வாழ்ந்த முதியோர் பலர் வாழ்வழி இழந்தனர். ருக்மிணி தேவிக்கு முதலிற் பயிற்றிய கௌரி அம்மாளும் முதுமையில் வறுமையைக் கண்டவரே. மாணவியின் புகழ் வளர்ந்த அளவுக்கு ஆசிரியையின் மரபு வாழவில்லை என்பது வரலாறு. இதற்கு ருக்மிணி தேவி ஒருவரைக் குறை கூறுதல் முறையன்று. சட்டம் செய்தோரும், சீர்திருத்தம் பேசியோரும், சபை நடத்தியோரும், கிளர்ச்சியில் இணைந்த நம் முன்னோரும் பங்குடையர். எனினும் அவ்வழகிய உடையைப் போற்றும் நாம் அதனால் மறைந்தவரையும் எண்ணுதல் வேண்டும்.

அருண்டேல் அவர்கள் 1945-ஆம் ஆண்டில் மறைந்தார். அதன்பின் பிரம்மஞான சபையின் நிலத்திற் கலாக்ஷேத்திரம் இருத்தற்கு இயலாதுபோகவே, திருவான்மியூர்க் கடற்கரையில் ஏறத்தாழ நூறு ஏக்கர் மணற்பரப்பிற் புதிய இடம் கண்டு, 1962-ஆம் ஆண்டில் அங்கே குடிபுகுந்தனர். வெறும் மணலாயிருந்த அவ்விடம் அவர் நட்ட மரங்களாற் சோலையாயிற்று.

இதற்கிடையே 1952-ஆம் ஆண்டில் அவர் இராஜ்ய சபைக்கு நியமிக்கப்பட்டார். 1956-இல் மீண்டும் நியமனம் பெற்றார். ஆங்கு நாட்டியத்தைப் பற்றிப் பேசுவாரென்று எதிர்பார்த்தோர் ஏமாந்தனர். வாயில்லா உயிர்களைப் பற்றியே அவர் பேசினார். 1953-ஆம் ஆண்டில் தாமே ஒரு மசோதாவைக் கொணர்ந்தார். அரசாங்கமே இயற்றும் என்று தலைமையமைச்சர் நேரு உறுதி கூறியதன்மேல் அதனைத் திரும்பப் பெற்றார். அவ்வுறுதியின்படி விலங்குகட்குக் கொடுமை செய்தலைத் தடுக்கும் சட்டம் 1960-ஆம் ஆண்டில் நிறைவேறியது. 1962-ஆம் ஆண்டில் அமைந்த விலங்குநல வாரியத்திற்குத் தலைவரானார். புலாலுண்ணாமையையும் வற்புறுத்தி வந்தார். இங்கே ஓர் ஐயம் எழாமற் போகாது. பட்டுநூல் எடுத்தற்குக் கூட்டினுள் இருக்கும் புழுவைக் கொதிநீரில் இடுகின்றனர். ஒரு புடைவைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும். பட்டுத்தறியும் உயிரிரக்கமும் ஒரே கையில் எங்ஙனம் பொருந்தின? எனக்கு விடை தோன்றவில்லை. பெரியோர் வாழ்விலும் இத்தகைய முடிச்சுகள் அவிழாமலே கிடக்கின்றன.

1956-ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருதும், அடுத்த ஆண்டில் சங்கீத நாடக அகாதமியின் விருதும் அவரை அடைந்தன. 1977-ஆம் ஆண்டில் தலைமையமைச்சர் மொரார்ஜி தேசாய் அவரைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்குமாறு வேண்டினார். அவர் மறுத்துவிட்டார். அடுத்த சில ஆண்டுகளில், இயற்கைச் சாயங்களாற் பருத்தித் துணியில் எழுதியும் அச்சிட்டும் செய்யும் கலம்காரித் தொழிலுக்கும், கமலாதேவி சட்டோபாத்தியாய அம்மையாரின் துணையுடன், கலாக்ஷேத்திரத்தில் இடமளித்தார். எழுபதைக் கடந்த இரு முதுமகளிர் சாயத்தொட்டியின் அருகே நின்று சிவப்பு போதுமா, இன்னும் ஒரு முறை தோய்க்கலாமா என்று ஆராயும் காட்சியை எண்ணிப் பார்க்க என் மனம் விழைகின்றது.

1986-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24-ஆம் நாள், எண்பத்திரண்டாம் பிறந்தநாளுக்குச் சில நாட்கள் இருக்கையில், ருக்மிணி தேவி அம்மையார் சென்னையில் உயிர் நீத்தார். 1993-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றிக் கலாக்ஷேத்திரத்தைத் தேசிய முக்கியத்துவம் உடைய நிறுவனமாக அறிவித்தது. திருவான்மியூரில் அவர் நிறுவிய தறிகள் இன்றும் இயங்குகின்றன. மயிலாப்பூர் மாடவீதிகளை அடுத்து நாட்டிய உடை தைப்போர் கடைகள் பல உள. அங்கே பட்டுப்புடைவையைக் கொடுத்தால் விசிறியும் மேலாக்குமாகப் பிரித்துத் தைத்துத் தருவர். எம் பக்கத்துச் சிற்றூர்ப் பள்ளிகளில் ஆண்டுவிழா நாளன்று சிறுமியர் வாடகைக்கு எடுத்த உடையை அணிந்து நிற்பர். அளவு பெரிதாயின் பின்புறம் ஊக்கு வைத்து இறுக்கிவிட்டு, அன்னையர் விசிறி மடிப்பைக் கையால் நீவி நேராக்குவர். அரைமண்டியில் சிறுமி அமர்ந்ததும் அது விரிகின்றது.